நோயாளி அமைதியாக உள்ளார்

ஒன்பதாம் படுக்கை துரைச்சாமி
சலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்து
மாட்டைப் பிடிங்கடா என்று கத்தியபோது
வார்டே ஓடியது அவர் பக்கம்.
அமுக்கிப் பிடிக்க இரண்டு பேர், டாக்டருக்குப் போன்,
கேஸ் ஷீட்டில் அரைப் பக்கம்.

பதினொன்றாம் படுக்கைக்கு மூன்றே சொல்:
நோயாளி அமைதியாக உள்ளார்.
எழுதியது நான்தான்.
முந்தின இரவும் நான்தான்.

சென்னியப்பன், எழுபத்தாறு,
மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு.
மூலனூர்ப் பக்கம் கிணற்றுமேட்டில் சறுக்கி
இடது இடுப்பு. கம்பி வைத்து மூன்றாம் நாள்.
கொடுத்த மாத்திரையை விழுங்குவார்.
திருப்பினால் திரும்புவார்.
பெல் அடித்ததே இல்லை.
தங்கமான மனுசன் என்று
ஷிப்ட் மாறும்போது சொல்லிக்கொண்டோம்.

மருமகள் சாந்தாமணி
தூக்குப்போசியைத் திறந்தபடி சொன்னாள்:
"எங்க மாமனா இது?
ஊட்டுல ஒரு நிமிசம் வாய் மூடமாட்டாருங்க.
சாம்பாருக்கு உப்புப் பத்தலைன்னா
கன்னிவாடி வரைக்கும் கேக்கும்.
இங்க வந்து சாதுவாயிட்டாரு பாருங்க."
அவள் சிரித்தாள். நானும் சிரிக்கப் போனேன்.
பாதியில் எனக்கு வயிறு சில்லிட்டது.

வெளியே ஆடிக்காற்று தாராபுரத்தையே
பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி.
ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.
"பங்குனியில இருந்து பின்னால வாங்க, பார்க்கலாம்."

பங்குனி. மாசி. தை.
தை.
மாசி.
ஆடி, என்றார். அங்கேயே நின்றுவிட்டார்.

"சரிங்க, நான் எழுத்துச் சொல்லுவேன்,
'க' வர்றப்பல்லாம் என் கையை அழுத்துங்க."
கையை நீட்டினேன்.
அவர் தன் கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் பார்த்தேன்.
கட்டில் கம்பியில் ஒரு விரல்கூடப் படாமல் படுத்திருப்பதை.
எவர்சில்வர் டம்ளரில் காலையில் வைத்த தண்ணீர்
அப்படியே இருப்பதை.
ஸ்பூனைக் கண்டு தலையாட்டியதை
பசியில்லை என்று நான் எழுதியிருந்ததை.

"தொடாதே அம்மிணி."
மூன்று நாளில் முதல் பேச்சு.
"லைன் கிளியர் இன்னும் வரலை.
சப்ளை இருக்குது."

மூன்று இரவும் கம்பத்து உச்சியில் இருந்திருக்கிறார்,
இந்தக் காற்றில்,
அசைந்தால் முடிந்தது என்று மூச்சடக்கி.
கீழிருந்து நான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
அமைதி என்று எழுதிப் போயிருக்கிறேன்.

டாக்டர் வந்தார். தூக்க மாத்திரையை அடித்தார்.
ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உப்புப் பத்தவில்லை;
சாந்தாமணியிடம் சொன்னபோது அவள் அழுதேவிட்டாள்.
கண்ணாடியும் காது மெஷினும்
ஆபரேஷனுக்குக் கழற்றியவை,
மஞ்சப்பையில் இருந்தன,
மஞ்சப்பை மகனுடைய பைக்கில்,
பைக் காங்கேயத்தில்.

அது வரும்வரை காதருகே குனிந்து
சொன்னதையே சொன்னேன்:
இது தாராபுரம். ஆசுபத்திரி. இன்னைக்கு புதன்.
உங்களுக்கு இடுப்புல ஆபரேஷன். நான் ஜெசிந்தா.
லைன் ஆஃப் பண்ணியாச்சுங்க, இறங்குங்க என்று
நாக்கு நுனிவரை வந்தது.
சொல்லவில்லை. அப்படிச் சொல்லக்கூடாது என்றுதான்
படித்தது.
சொல்லியிருக்கலாமோ, இன்னும் தெரியவில்லை.

அன்றிரவு ஒவ்வொரு மணிக்கும் போய்ப் பார்த்தேன்.
வியாழன் இரவு பாதித் தெளிவு,
வெள்ளி மத்தியானம் மறுபடி கம்பத்தில்.

ஞாயிறு விடிகாலை.
கண்ணாடி மூக்கில், மெஷின் காதில்.
பங்குனியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.
ஆவணியில் கொஞ்சம் நின்று,
ஆடியைத் தாண்டி,
சித்திரையில் கால் வைத்தார்.
"இதென்ன அம்மிணி, பள்ளிக்கூடமா?" என்றார்.

டம்ளரில் தண்ணீர் நீட்டினேன்.
வாங்குமுன்
புறங்கையால் ஒருதரம்
தட்டிப் பார்த்தார்.